கல்வமும் கல்லாவும்

வாசகர் கேள்விகள், பதில்கள். இந்த இதழில்: பொருளாதாரம் படித்தவர்களும் பார்மசி படித்தவர்களும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள்.

பி.ஏ. பொருளாதாரம் முடித்த வாசகர், விருதுநகர்: டிகிரி கையில் இருக்கிறது, வேலை கையில் இல்லை. இனிமேல் பார்மசி படிக்கலாமா?

டிகிரி இருக்கட்டும், ப்ளஸ் டூவில் என்ன குரூப்? உங்கள் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. டி.பார்ம். ஆனாலும் பி.பார்ம். ஆனாலும் ப்ளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே உயிரியலோ கணிதமோ வேண்டும். சயன்ஸ் குரூப் படித்துவிட்டுக் கல்லூரியில் எகனாமிக்ஸ் பக்கம் ஒதுங்கியவர் என்றால் கவலையில்லை. டி.பார்ம். இரண்டு ஆண்டு, அதற்குமேல் 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம். நான்கு ஆண்டு. காமர்ஸ் குரூப் என்றால், எம்.ஏ.வில் தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும் பார்மசி கவுன்சில் உள்ளே விடாது. மனம் தளர வேண்டாம். மருந்தை எடுத்துக் கொடுக்கத்தான் பதிவு வேண்டும். அந்த மருந்து ஏன் இந்த விலை விற்கிறது என்று ஆராய யாருடைய அனுமதியும் வேண்டாம். சுகாதாரப் பொருளாதாரம் என்று ஒரு துறையே இருக்கிறது, எம்.ஏ. சேர்வதானால் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

ஒரு தாய், நாமக்கல்: பி.பார்ம். படிக்கும் மகன், கூடவே தபாலில் எகனாமிக்ஸும் படிக்கிறேன் என்கிறான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடாதா?

சேற்றில் கால் வைத்தவர்களால்தானம்மா நாம் சோற்றில் கை வைக்கிறோம்! ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. வழிவிட்டது. ஒன்றைக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, இன்னொன்றைத் தொலைநிலையில் படிக்கலாம். அவசரமில்லை என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. பி.பார்ம். முடிக்கட்டும், பிறகு நேராக எம்.ஏ. பொருளாதாரம் சேரட்டும். இக்னோவில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். பரீட்சை நேரத்தில் மருந்துகளின் பெயரும் தேவை வளைகோடும் ஒரே தலைக்குள் முட்டிக்கொள்ளாமல் இருக்கும். ஒன்று மட்டும் பாருங்கள்: பையன் கணக்குக்குப் பயந்து எகனாமிக்ஸ் பக்கம் ஓடுகிறானா? அப்படியென்றால் தடுத்து நிறுத்துங்கள். அங்கே கணக்கு இன்னும் அதிகம்.

பார்ம்.டி. மாணவி, பெருந்துறை: ஐந்தாம் ஆண்டில் 'பார்மகோஎகனாமிக்ஸ்' என்று பாடம் வருகிறது. பரீட்சைக்கு எழுதும் பதில் எனக்குத் தெரியும். வீட்டில் சொல்லும் பதில் வேண்டும்.

பழைய மருந்து ஒன்று. மொத்தச் செலவு பத்தாயிரம் ரூபாய், நோயாளி நான்கு ஆண்டு நலமாக இருக்கிறார். புதிய மருந்து ஒன்று. செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், நாலரை ஆண்டு நலம். மருந்து ரெப் வந்தால் 'நாலரை ஆண்டு சார்!' என்பார். நோயாளியின் மகன் 'ஒரு லட்சத்துப் பத்தாயிரமா!' என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, இரண்டும் பாதி உண்மை. கூடுதலாகக் கொடுப்பது ஒரு லட்சம், கூடுதலாகக் கிடைப்பது அரை ஆண்டு. ஆகவே நலமான ஒரு கூடுதல் ஆண்டுக்கு விலை இரண்டு லட்சம். இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பெரிய பெயர். படுத்த படுக்கையாகக் கழியும் ஆண்டையும் எழுந்து நடமாடும் ஆண்டையும் சமமாக எண்ணக்கூடாது என்பதற்காக, வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துப் பெருக்குவார்கள். அந்த அளவைதான் உங்கள் புத்தகத்தில் வரும் 'க்யூஏஎல்ஒய்'.

கல்லூரி மாணவர், கும்பகோணம்: உயிருக்கு விலை போடுவது பாவம் இல்லையா?

விலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது தம்பி. யார் போட்டார்கள், எங்கே போட்டார்கள் என்று தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அரசு மருத்துவமனையின் பணம் ஒரே பைக்குள் இருக்கிறது. ஒரு புதிய புற்றுநோய் மருந்துக்கு அதிலிருந்து எடுத்தால், இன்னொரு வார்டில் இன்சுலின் குறையலாம். புற்றுநோயாளியின் முகம் நமக்குத் தெரிகிறது, இன்சுலின் கிடைக்காதவரின் முகம் தெரிவதில்லை. தெரியாத முகத்துக்கும் சேர்த்து வாதாடத்தான் கணக்கு. இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கிய 'நைஸ்' என்ற அமைப்பு, நலமான ஒரு கூடுதல் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்று நெடுங்காலம் ஒரு வரம்பை வெளிப்படையாகவே வைத்திருந்தது. ஊர் திட்டியது. ஆனாலும் எந்தக் கணக்கைத் திட்டுகிறோம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவிலும் 2017 முதல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இதற்கென்று 'எச்டிஏஇன்' என்ற அமைப்பு இயங்குகிறது.

ப்ளஸ் ஒன் மாணவி, காரைக்குடி: விலை குறைந்தால் தேவை கூடும் என்கிறது எங்கள் புத்தகம். பாராசிட்டமால் விலை குறைந்தால் காய்ச்சல் கூடுமா?

உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேட்டீர்களா? கேளுங்கள், அவருக்குக் காய்ச்சல் வரும்!

கேள்வி குறும்பு, விஷயம் பெரிது. காய்கறிக் கடையில் தேர்ந்தெடுப்பவர், பணம் கொடுப்பவர், சாப்பிடுபவர் எல்லாம் ஒரே வீடு. மருந்தில் எழுதுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர், விழுங்குபவர் ஒருவர். சில சமயம் பணம் கட்டுவது நான்காவதாக ஒரு காப்பீட்டுக் கம்பெனி. விழுங்குபவருக்கு மருந்தின் தரமும் தெரியாது, தேவையும் தெரியாது. அதனால் சந்தையின் வழக்கமான விதிகள் இங்கே நொண்டுகின்றன என்று கென்னத் ஆரோ 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார். சுகாதாரப் பொருளாதாரம் என்ற துறைக்கே அதுதான் அஸ்திவாரம். விலை கூடினால் நோய் குறையாது. மாத்திரைதான் குறையும். தினம் இரண்டு என்று எழுதிய பிரஷர் மாத்திரையை ஒன்றாக்கிக்கொள்வார் தாத்தா. கடைக்காரர் நோட்டில் அது 'விற்பனைச் சரிவு'. தாத்தாவுக்கு அது பக்கவாதம்.

மெடிக்கல் கடை உரிமையாளர், திண்டுக்கல்: எதிரே செயின் கடை வந்து 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிறது. நானும் வைக்கலாமா?

பேனாவை எடுங்கள். விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் மருந்தில், உங்கள் கைக்கு 100 ரூபாய்க்கு வரும் சரக்குக்கு அரசு அனுமதிக்கும் சில்லறை லாபம் 16 ரூபாய். ஜிஎஸ்டி தனி. ஆக, 116 ரூபாய் விற்பனையில் உங்களுக்கு நிற்பது 16. விற்ற விலையில் பார்த்தால் 14 சதவீதம்கூட இல்லை. இதில் 20 சதவீதம் தள்ளினால் 23 ரூபாய் 20 காசு போகும். ஒவ்வொரு பில்லுக்கும் 7 ரூபாய் 20 காசு கைநஷ்டம். 'நிறைய விற்று ஈடுகட்டிவிடுவேன்' என்று சொல்லாதீர்கள். நஷ்டத்தை நூறால் பெருக்கினால் பெரிய நஷ்டம்தான் வரும்.

செயின் கடைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? ஸ்டாக்கிஸ்டுக்குப் போகும் கமிஷனும் அதற்கே மிஞ்சுகிறது. சொந்த பிராண்டில் சத்து மாவும் சோப்பும் விற்கிறது. உங்கள் கையிலும் அதனிடம் இல்லாத ஒன்று உண்டு: மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வரும் முகங்கள். யாருக்கு எந்தத் தேதியில் மாத்திரை தீரும் என்று எழுதி வையுங்கள். தீருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போன் போடுங்கள். அப்படியே எக்ஸ்பைரி நெருங்கும் சரக்கை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். அலமாரியின் பின்வரிசையில் செத்துக் கிடக்கும் முதலைக் காப்பாற்றினால் அதுவே பாதித் தள்ளுபடிக்குச் சமம்.

ஓய்வூதியர், தாம்பரம்: ஜெனரிக் மாத்திரை அட்டையில் நூறு ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் ஐம்பதுக்குக் கொடுக்கிறார். அவர் வள்ளலா?

வள்ளல்களுக்குத் தேரும் போர்வையும் போதும், பில் புத்தகம் வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டுக்குள் வராத மருந்தில் எம்.ஆர்.பி.யைக் கம்பெனியே வைத்துக்கொள்ளும். அதன்பின் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. டாக்டர் எழுதாமல் கடைக்காரரே எடுத்துக் கொடுக்கும் ஜெனரிக்கில், கம்பெனிகளின் போட்டி கடைக்காரரைக் கவர்வதற்காக நடக்கிறது. எந்த அட்டையில் அவருக்கு அதிகம் நிற்குமோ அந்த அட்டை முன்னால் வரும். ஆகவே போட்டி கூடக் கூட அச்சடித்த விலையும் கூடும். பாடப்புத்தகத்தில் போட்டி விலையைக் குறைக்கும். இங்கே அட்டை விலையை ஏற்றுகிறது. உங்களுக்குப் பாதி விலையில் கொடுத்த பிறகும் அவருக்கு மிச்சம் இருக்கலாம். அதே மூலப்பொருள் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். வள்ளல் யார் என்று தெரிந்துவிடும்.

கோபக்கார வாசகர், வேலூர்: மருந்துக் கடைக்காரர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள்தானே?

இந்தப் புகார் உங்களுக்கு முன்பே 1776-இல் பதிவாகியிருக்கிறது. ஆடம் ஸ்மித் தன் 'நாடுகளின் செல்வம்' நூலில் அன்றைய மருந்துக் கடைக்காரரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அவருடைய லாபம் அநியாயம் என்று ஊரே பேசும். ஆனால் ஒரு சந்தை ஊரில் ஓராண்டில் அவர் விற்கும் சரக்கின் கொள்முதல் விலையே முப்பது நாற்பது பவுண்டைத் தாண்டாது. அதை எத்தனை மடங்கு விலைக்கு விற்றாலும் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய திறமைக்கும், அவர்மேல் வைத்த நம்பிக்கைக்குமான கூலிதான். ஏழைகளுக்கு எப்போதும் அவர்தான் வைத்தியர் என்றும் ஸ்மித் சொல்கிறார். கூலி மருந்து விலைக்குள் ஒளிந்துகொண்டிருப்பதால் அது லாபம் மாதிரித் தெரிகிறது என்பது அவர் கட்சி.

இருநூற்றைம்பது ஆண்டு ஆகிறது. நம் ஊரில் அந்தக் கூலி இன்னும் வெளியே வரவில்லை. 'இந்த இரண்டு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீங்க' என்று பார்மசிஸ்ட் சொல்லும் புத்திமதிக்கு நம் பில்லில் வரியே கிடையாது. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வோர் உருப்படிக்கும் தேசிய சுகாதாரச் சேவை கடைக்குத் தனியாகக் கட்டணம் தருகிறது. இங்கே விலை ஆணையில் இருப்பது சரக்கின்மேல் சதவீதம் மட்டும். விளைவு என்ன? இருநூறு ரூபாய் மருந்துக்குப் பதில் இருபது ரூபாய் மருந்து போதும் என்று சொல்லும் பார்மசிஸ்ட் தன் வருமானத்தைத் தானே பத்தில் ஒன்றாக வெட்டிக்கொள்கிறார். நல்லவருக்கு அபராதம் போடும் ஏற்பாடு இது. கொள்ளைக்காரரைத் தேடும்போது ஏற்பாட்டையும் கொஞ்சம் சோதனை போடுங்கள்.

டி.பார்ம். முடித்தவர், ஊர் வேண்டாம் என்கிறார்: சர்டிபிகேட்டை மட்டும் கடையில் மாட்டக் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறோம் என்கிறார்கள். வேலைக்கே போக வேண்டாம். லாபம்தானே?

1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் மருந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாமல் காகிதம் மட்டும் தொங்கினால் பதிவே போகலாம். அது சட்டம். இனி பொருளாதாரம்: நீங்கள் வாங்கும் வாடகை, அதே கடையில் வேலை பார்த்திருக்க வேண்டிய இன்னொரு டி.பார்ம். பையனின் சம்பளத்தை வெட்டி எடுத்தது. நூறு கடை இப்படிச் செய்தால் நூறு வேலை காலி. பிறகு வேலை தேடும் கூட்டம் பெருகி, சம்பளம் இறங்கும். அடுத்த ஆண்டு உங்களுக்கே வேலை வேண்டியிருக்கும்போது, 'பார்மசிஸ்டுக்கு இவ்வளவுதான் மார்க்கெட்' என்பார்கள். அந்த மார்க்கெட்டை அமைத்தவர்களில் நீங்களும் ஒருவர்.

பார்மசிஸ்ட், ஈரோடு: சீட்டு இல்லாமல் 'மூணே மூணு ஆன்டிபயாடிக் கொடுங்க' என்கிறார்கள். கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். நான் மட்டும் யோக்கியனாக இருந்து என்ன பயன்?

சாயப்பட்டறைக் கழிவை ஆற்றில் விட்டால் முதலாளிக்குச் செலவில்லை, கீழே இருக்கும் ஊருக்குத்தான் செலவு. நொய்யல் பக்கத்துக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்பார்கள். அரைகுறையாக விழுங்கிய மூன்று மாத்திரையும் அதே வேலையைச் செய்கிறது: வாங்கியவருக்கு முப்பது ரூபாய், மருந்துக்கு அடங்காத கிருமி ஊருக்கு. தனி ஒருவரின் யோக்கியதையால் புறவிளைவு தீராது. எல்லாக் கடைக்கும் ஒரே விதி வேண்டும். 2014 மார்ச்சில் 'ஷெட்யூல் எச்-ஒன்' வந்தது அதற்காகத்தான். அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டோடு மட்டும் விற்க வேண்டும், தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரரிடம் தனியாகச் சண்டை போடாதீர்கள். உங்கள் ஊர் மருந்து வணிகர் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து மறுக்க ஒரு தேதி குறியுங்கள். எல்லாக் கடையும் 'இல்லை' என்றால் வாடிக்கையாளர் எங்கே போவார்? டாக்டரிடம்தான்.

அரசு மருத்துவமனைப் பார்மசிஸ்ட், தேனி: எனக்குக் கல்லாவே கிடையாது. எனக்கு எதற்குப் பொருளாதாரம்?

தமிழ்நாட்டின் மிகப் பெரிய பொருளாதாரப் பாடமே உங்கள் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. ஆளுக்கு ஆள் தனித்தனியாக வாங்கியதை நிறுத்தி, மாநிலம் முழுவதுக்கும் ஒரே வாங்குநராக டெண்டர் போட்டார்கள். பிராண்டுப் பெயர் கிடையாது, மூலப்பெயரில்தான் கொள்முதல். மொத்தமாக வாங்குபவர் முன்னால் விற்பவர் பணிந்துதானே ஆக வேண்டும்? விலை இறங்கியது. மலிவு என்றால் மட்டம் என்ற பேச்சு வராமலிருக்க, வந்த சரக்கை ஆய்வகத்தில் சோதித்தே அனுப்பினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு மாவட்டக் கிடங்கில் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கேரளாவும் ராஜஸ்தானும் பார்த்து அதே வழியில் கழகம் அமைத்தன. எந்த மாத்திரை எந்த மாதம் தீரும் என்று நீங்கள் போடும் இண்டெண்டில்தான் இந்தக் கோட்டை நிற்கிறது. கல்லா இல்லாவிட்டால் என்ன, கஜானாவின் சாவியில் ஒன்று உங்களிடம் இருக்கிறது.

பள்ளி ஆசிரியர், மன்னார்குடி: எல்லா மருந்துக்கும் அரசே விலை வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே?

1995-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தது. 2013-ஆம் ஆண்டு ஆணை அத்தியாவசிய மருந்துகளுக்கு, சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ விற்கும் பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. சந்தை விலையே அநியாயமாக இருந்தால் சராசரியும் அநியாயமாகத்தான் வரும். அதேசமயம் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டியதும் உண்டு: 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தார்கள். மருந்து பூசியது 29,600 ரூபாய், பூசாதது 7,260. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி பில் போட்டவர்கள் உண்டு. ஆனால் உற்பத்திச் செலவுக்கும் கீழே விலையை அமுக்கினால், கம்பெனி அந்த மருந்தைச் செய்வதையே விட்டுவிடும். காகிதத்தில் மருந்து மலிவாக இருக்கும், கடையில் இருக்காது. எந்த மருந்தை எவ்வளவு அமுக்கலாம் என்று சொல்ல வேதியியலும் தெரிய வேண்டும், சந்தையும் தெரிய வேண்டும்.

இன்னொரு செய்தி: மருந்துக்கு இந்த உச்ச விலைகளை வைக்கும் ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரசாயன, உர அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. மாத்திரைக்கும் யூரியாவுக்கும் ஒரே அப்பா!

ஆராய்ச்சி மாணவர், சிதம்பரம்: காப்புரிமை இல்லாவிட்டால் யார் புது மருந்து கண்டுபிடிப்பார்கள்?

நியாயமான கேள்வி. காப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டால் யார் வாங்கிச் சாப்பிடுவார்கள் என்பதும் நியாயமான கேள்வி. சிறுநீரக, ஈரல் புற்றுநோய்க்கான 'நெக்ஸாவர்' மாத்திரை மாதத்துக்கு சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் கொடுத்து, ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதை மாதம் 8,880 ரூபாய்க்கு விற்கலாம் என்றார்கள். காப்புரிமை வைத்திருந்த பேயருக்கு ராயல்டியும் உண்டு. அந்த உத்தரவைப் படியுங்கள். பாதி வேதியியல், பாதி பொருளாதாரம், மீதி சட்டம்.

கணக்கு ஆசிரியர், மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுக் கேட்கிறார்: பாதி, பாதி, மீதி... கூட்டினால் எவ்வளவு?

வக்கீல் பீஸ்!

கல்யாணத் தரகர், மதுரை: பார்மசிஸ்ட் மாப்பிள்ளையா, எகனாமிஸ்ட் மாப்பிள்ளையா?

பார்மசிஸ்ட், 'சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?' என்று கேட்பார். எகனாமிஸ்ட், 'இந்தச் சாப்பாட்டுக்காக நான் எதை இழக்கிறேன்?' என்று கேட்பார். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாவிட்டால் முதலாமவர் பத்திரம்.

பி.பார்ம். இறுதியாண்டு, கோவை: இரண்டும் படித்தால் எங்கே வேலை? எவ்வளவு சம்பளம்?

சம்பளத்துக்கு எம்.ஆர்.பி. அச்சடிப்பதில்லை, அதனால் சொல்ல முடியாது. வேலை சொல்கிறேன். பெங்களூரு, ஹைதராபாத், குருகிராமில் உள்ள மருந்துக் கம்பெனிகளும் ஆலோசனை நிறுவனங்களும் மருந்தின் பயனையும் செலவையும் ஒப்பிட ஆள் எடுக்கின்றன. அங்கே பட்டத்தைவிடப் புள்ளியியலைத்தான் துருவுவார்கள். எக்செல்லை நண்பனாக்குங்கள், 'ஆர்' மொழி கற்றுக்கொள்ளுங்கள். நிர்வாகப் பக்கம் ஆசை என்றால் மொகாலியில் உள்ள 'நைபர்' கல்வி நிறுவனத்தில் மருந்துத் துறைக்கென்றே எம்.பி.ஏ. இருக்கிறது. அரசுப் பக்கம் என்றால், பி.பார்ம். வைத்து மருந்து ஆய்வாளர் தேர்வு எழுதலாம். எம்.ஏ. பொருளாதாரமும் சேர்ந்துவிட்டால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கும் தகுதி வருகிறது. அதற்கு வருபவர்களில் மாத்திரையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.

மெடிக்கல் கடைப் பார்மசிஸ்ட், அறந்தாங்கி: பட்டமெல்லாம் இனி எனக்கு ஆகாது, வயது ஐம்பது. நாளைக்குக் காலையில் கடை திறந்ததும் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டில் தவறான அளவைக் கண்டுபிடித்து டாக்டருக்குப் போன் செய்தீர்களா? எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் எழுதப்பட்டிருந்ததைப் பிடித்தீர்களா? எழுதுங்கள். விலை அதிகம் என்று திரும்பிப் போக இருந்த அம்மாவுக்கு மலிவான மாற்றுக்கு டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தீர்களா? அவருக்கு மிச்சமான ரூபாயோடு எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், தேதி போதும்.

உங்கள் தாலுகாவில் பத்துப் பேர் ஓர் ஆண்டு இப்படி எழுதினால், பார்மசிஸ்ட் என்பவர் அட்டை கிழித்துக் கொடுக்கும் ஆள் மட்டுமல்ல என்பதற்கு ரூபாயில் கணக்கு கிடைக்கும். புத்திமதிக்குத் தனிக் கட்டணம் கேட்டு நாளை சங்கம் அரசிடம் போனால், 'எவ்வளவு வேண்டும்?' என்று கேட்பதற்கு முன் 'ஏன் வேண்டும்?' என்றுதான் அதிகாரி கேட்பார். அப்போது மேசைமேல் வைக்க அந்த நோட்டு வேண்டும்.